அவள் பேரில் நான் எழுதிய டைரி

ஒன்றே முக்கால் வருஷம் நான் செய்த வேலை அத்தனையும் வேறொரு பெண் செய்ததாக ரெக்கார்டில் இருக்கிறது. கீழே போட்ட கையெழுத்து அவளுடையது, வரிகள் என்னுடையவை. யாரும் என் கையை முறுக்கி எழுத வைக்கவில்லை. நானேதான் டீ குடித்துக்கொண்டே, அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகாக எழுதிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே நாலு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். சி.ஏ. படிக்கிறவர்கள் இன்டர் என்கிற நடுப் பரீட்சையைப் பாஸ் பண்ணிய பிறகு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் பயிற்சிக்குச் சேர வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப் என்பார்கள். அதை முடித்தால்தான் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்கள். ஓர் ஆடிட்டர் தன் இஷ்டத்துக்கு எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ள முடியாது, இத்தனை இடம் என்று கணக்கு உண்டு. எங்கள் பக்கம் அப்படி ஓர் இடம் கிடைப்பது லேசில்லை. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் சென்னைக்குப் போய்ப் பெரிய ஆபீசில் சேர்ந்துவிடுவார்கள். நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறவர்கள். அப்பா இருபது வருஷத்துக்கு மேலாகச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுவதை வாரிப் போடுகிற வேலை. சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கவைக்கும் வசதி எங்களிடம் கிடையாது.

நடுப் பரீட்சையை இரண்டாம் தடவையில் பாஸ் பண்ணினேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அதைப் பாஸ் பண்ணியதில்லை. அப்பா அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து, தேய்த்துக் குளித்து, மாதா கோயில் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை மெயின் ரோட்டில் இருக்கிற ஆடிட்டர் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனார். கீழே டயர் கடை, மேலே ஆபீஸ். ஆடிட்டர் மரியாதையான மனுஷர். டீக்கடைப் பையனைக்கூட நீ, போ என்று பேசமாட்டார். அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"எங்கிட்ட இப்ப ஒரே ஒரு இடம்தாங்க காலியா இருக்கு. அது உங்க பொண்ணுக்குத்தான்னு வெச்சுக்குங்க" என்றார்.

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

அன்றைக்கே என் ஃபாரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது, அக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற ஆபீஸ் அம்மா. ஆபீசில் பல வருஷமாக இருக்கிறவர், ஆடிட்டர் சாருக்கு வலது கை. குண்டு நோட்டு ஒன்று வைத்திருப்பார். அதில் ஊரிலிருக்கிற பாதிப் பேருடைய பாஸ்வேர்டு இருக்கும். நான் இன்டர்நெட் சென்டரில் என்றோ உருவாக்கி மறந்துபோயிருந்த என் சி.ஏ. வெப்சைட் பாஸ்வேர்டையும் மாற்றி அந்த நோட்டில் குறித்துக்கொண்டார். "போன் நம்பர் உங்க அப்பாதுடி ஏறியிருக்கு" என்றார். பிளஸ் டூ முடித்துப் பேரைப் பதிவு செய்தபோது எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. இருக்கட்டும்க்கா என்றேன்.

என் பக்கத்திலிருந்து ஃபாரம் போய்விட்டது. சார் தன் பக்கத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. "ஆயிடுச்சாக்கா?" என்று நாலைந்து தடவை கேட்டேன். "ஆயிடும்டி, ஏன் பறக்கற?" என்றார். ஒரு மாசம் கழித்து, "ஆயிடுச்சு, போய் வேலையப் பாரு" என்றார். போய் வேலையைப் பார்த்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெப்சைட்டில் என் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. சுரங்கத்துப் பெர்மனென்ட் ஆட்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வரிக் கணக்குக் கொடுக்க நேராக எங்கள் மாடிக்கு வருவார்கள், போனை மேசைமேல் வைப்பார்கள், ஓ.டி.பி. வந்தால் உரக்கப் படித்துச் சொல்வார்கள். எதற்கு என்று கேட்கமாட்டார்கள். ஆடிட்டர் ஆபீஸ் கேட்கிறது, சொல்கிறோம், அவ்வளவுதான். நானே எத்தனையோ பேரிடம் அப்படி வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறேன். அடுத்தவன் வீட்டுக் கணக்கில் ஒரு பில் குறைந்தால் துருவித் துருவிக் கேட்கிற நான், என் விஷயத்தில் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பாப்பாவாக இருந்தேன்.

ஆனால் வேலை பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே பிடித்திருந்தது. முதல் வருஷம் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் குடோனுக்கு ஸ்டாக் பார்க்க அனுப்பினார்கள். முந்திரிக்கொட்டை மூட்டைகளைக் கூரைவரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போட்டிருந்தார்கள். நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். குடோன்காரர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, "எண்ணிட்டீங்கன்னா கெளம்பலாம்மா, பஸ்ஸு போயிடும்" என்று அவசரப்படுத்தினார். அவர் காட்டிய அவசரம்தான் எனக்கு உறுத்தியது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அட்டிமேல் ஏறிவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால் நடுவில் ஒன்றுமே இல்லை! சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல மூட்டை, உள்ளே ஆள் இறங்கி நிற்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம்.

கிழிந்த மூட்டைகளைப் பிடித்து ஏறியதில் நசுங்கிய கொட்டைகளின் எண்ணெய் உள்ளங்கையில் பட்டு, இரண்டு நாளில் தோல் வெந்து உரிந்தது. ஒரு வாரம் ஸ்பூனால் சாப்பிட்டேன். சார் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "உங்களுக்குக் கண்ணு இருக்கும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்து அட்டி ஏறியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் டைரி என்னிடம் வந்தது. பயிற்சியில் இருக்கிறவர்கள் என்னென்ன வேலை கற்றார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். எங்கள் ஆபீசின் பேரில் இன்னொரு பெண் பயிற்சியில் இருப்பதாகவும், அவள் சென்னையில் கோச்சிங் போவதாகவும் அக்கா சொன்னார். அதாவது பேர் இங்கே, ஆள் அங்கே. பெரிய இடத்துப் பிள்ளைகள் இப்படிச் சேருவது உண்டு என்று எனக்கும் தெரியும்.

"நீ பண்றியே, அத அப்படியே அவ பேருல எழுதிடுடி. உனக்கு நீ எப்ப வேணா எழுதிக்கலாம்" என்றார் அக்கா.

எனக்கு அதில் பெருமை வேறு! சார் பார்க்கிற டைரியை என்னை நம்பிக் கொடுக்கிறார்களே என்று. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து எழுதுவேன். முந்திரிக் குடோன், அட்டி, நடுவிலிருந்த பள்ளம், எல்லாவற்றையும் எழுதினேன். தோல் உரிந்ததை மட்டும் எழுதவில்லை.

அந்தப் பெண் ஒரு தடவை கையெழுத்துப் போட வந்தாள். காரில் வந்து இறங்கினாள். எங்கள் அப்பா வேலை செய்கிற காண்ட்ராக்டரின் மகள் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, நீங்கதான் எழுதறீங்களா? அந்த முந்திரி குடோன் மேட்டர் செம! இன்டர்வியூல கேட்டா அததான் சொல்லப் போறேன்" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே, அட்டி என்றால் என்ன, மூட்டையை எப்படி எண்ணுவது என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அடி முட்டாளே, உட்கார்ந்து பாடம் வேறு எடுத்திருக்கிறாய்.

அப்பா என்னை எந்த நாளும் வேலைக்குப் போகாதே என்று சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது விசாரித்தால், "எம் பொண்ணு ஆடிட்டருக்குப் படிச்சிக்கினு இருக்குது. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

பயிற்சி முடிய மூன்று மாசம் இருந்தது. அக்கா தன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவில் போனார். குண்டு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் வேலை குறைவாக இருந்தபோது, என் பரீட்சைக்கு எந்தத் தேதிக்குள் எழுதிப் போட வேண்டும் என்று பார்க்கலாமே என்று என் பக்கத்தைத் திறந்தேன்.

பயிற்சி என்று இருந்த இடத்தில் என் ஆடிட்டர் பேர் இல்லை. தேதியும் இல்லை. ஒரு வரி இருந்தது: விண்ணப்பம் மாணவரால் திரும்பப் பெறப்பட்டது. அதில் போட்டிருந்த தேதி, நான் சேர்ந்த இருபதாம் நாள். உறுதி செய்ய ஓ.டி.பி. அனுப்பிய போன் நம்பரின் கடைசி எண்களும் கீழே இருந்தன. அது அப்பா நம்பர்.

முதலில் வெப்சைட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மூடித் திறந்தேன். மறுபடி மூடித் திறந்தேன். அதே வரி. ஒன்றே முக்கால் வருஷம் நான் இந்த ஆபீசில் இல்லவே இல்லை. நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். சாருடைய அந்த ஒரே இடம் என் ஃபாரம் திரும்பிய மறுநாள் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்க்க ரொம்ப நேரம் தேவைப்படவில்லை, அந்த டைரியின் முதல் பக்கத்திலேயே தேதி இருந்தது. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

ஓ.டி.பி. விஷயத்தை நினைக்க நினைக்க ரத்தம் கொதித்தது. எங்கள் அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். ஆபீசிலிருந்து போன் பண்ணி, நம்பர் வந்திருக்கும் சொல்லுங்க என்றால் சொல்லிவிடுவார். பாவம், எதற்கு என்று தெரியாமல் படித்துச் சொல்லியிருப்பார். அந்த மனுஷரைப் போய் ஏமாற்றியிருக்கிறார்களே! கதவைத் தட்டாமல் சார் அறைக்குள் போனேன்.

"என்னை ஏமாத்துனது இருக்கட்டும் சார். எங்கப்பாவ எப்படி சார் ஏமாத்தலாம்? ஒண்ணும் தெரியாதவருகிட்ட ஓ.டி.பி. வாங்கி எம் ஃபாரத்த வாபஸ் வாங்கியிருக்கீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினேன். அப்படி யாரிடமும் நான் கத்தியதில்லை. கீழே டயர் கடையில் சுத்தியல் அடிக்கிற சத்தம் நின்றுபோனது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"ஏமாத்தவா? என்னம்மா சொல்றீங்க? அப்பா உங்ககிட்ட சொல்லலியா?" என்றார். தன் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். "இதுலதாம்மா உக்காந்திருந்தாரு. காண்ட்ராக்டரும் கூட வந்திருந்தாரு. எதுக்குன்னு நான் ரெண்டு தடவ விளக்கிச் சொன்னேன். அவரேதான் நம்பரப் படிச்சாரு. வீட்ல பேசிட்டேன், பொண்ணுக்குச் சம்மதம்தான்னு சொன்னாரு."

நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

"அடுத்த இடம் காலியானா உங்களுக்குத்தான்னு இருந்தேன், அமையல. அது என் தப்புதான், ஒத்துக்கறேன்" என்றார். பிறகு, "வேலை கத்துக்கிட்டீங்க இல்ல? கத்துக்கிட்டது எங்கம்மா போயிடும்?" என்றார்.

என்ன வார்த்தை பாருங்கள். என் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அக்காவுக்குப் போன் பண்ணினேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. "சார் சொன்னத நான் கம்ப்யூட்டர்ல ஏத்துனேன், அவ்ளோதான், எம்மேல கோவப்படாதடி" என்றார். தினமும் என் டிபன் பாக்ஸிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றவர். வைத்துவிட்டேன். அந்த ஆபீசுக்கு மறுபடி போகவில்லை. இப்போது கடலூரில் வேறோர் ஆடிட்டரிடம் முதல் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் எனக்கு வேலை சொல்கிறார்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்த நடை இருக்கிறதே, அதை மறக்க முடியாது. நடக்க நடக்க ஒவ்வொன்றாகப் புரிந்தது. நான் சேர்ந்த மாசம் அப்பாவின் காண்ட்ராக்ட் கைமாறியது. புதுக் காண்ட்ராக்டர் ஐம்பது தாண்டிய ஆட்களைக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று பேச்சு அடிபட்டது. கேட் பாஸைப் புதுப்பிக்காவிட்டால் அவ்வளவுதான், மறுநாள் சுரங்க வாசலில்கூட நிற்க முடியாது. அப்பா இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். பாஸ் வந்துவிட்டது, அதோடு பெல்ட் வேலையும் போய் ஸ்டோர்ஸில் உட்கார்ந்த வேலை என்றார். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். நான் குதித்தேன். எலும்பைக்கூட விடாமல் கடித்துத் தின்றேன்.

நான் வீடு போய்ச் சேர்ந்த அன்றைக்கு அம்மா திருவதிகையில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். காலையில் நான் வைத்துவிட்டுப் போன சோறும் குழம்பும். வேளை கெட்ட வேளையில் நான் வந்ததைப் பார்த்து, "இன்னா பாப்பா, லீவா?" என்றார்.

"எம் ஃபாரத்த நீயாப்பா வாபஸ் வாங்குன?"

கையிலிருந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தார். தெரியாது என்று சொல்லிவிடுவார் என்று அந்த நொடிவரை எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், சத்தியமாக நம்பியிருப்பேன்.

"காண்ட்ராக்டர் கூப்ட்டுச் சொன்னாரு. அவரு பொண்ணுக்கு எடம் வேணுமாம், இங்க உம் பேரு இருக்குதாம். எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல. முதுவு வேற வலிச்சிக்கினு இருந்திச்சி. ஒனக்கு அடுத்தாப்ல போட்டுக் குடுத்துடறேன்னாங்க. சரின்னுட்டேன்."

"பொண்ணுக்குச் சம்மதம்னு சொன்னியாமே?"

"அப்டிச் சொன்னாத்தான் ஆவும்னாங்க."

"ஒண்ணே முக்கா வருசம்ப்பா! காலையில ஓடி ஓடிப் போனேனே, பாத்துக்கினுதானே இருந்த? கோயில் வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் சொன்னியே!"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ சந்தோசமாப் போய்க்கினு இருந்த. எப்டிச் சொல்றது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆடிட்டர்மேல் வந்தது கோபம். இது கோபமில்லை, வேறு. நான் அவருக்கு நேரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ப்பா. உன் பாஸு போவுதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே நானே போய் எழுதிக் குடுத்துட்டு, வேற எங்கனாச்சும் சேந்திருப்பேன். இந்நேரம் முடிஞ்சிருக்கும். ஏம்ப்பா கேக்கல?"

நான் சொன்னது அவருக்குள் இறங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒன்றே முக்கால் வருஷமாக நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ எடுத்துக் கீழே வைத்துவிட்டதுபோல முகம் அப்படியே தெளிந்தது. கண்கூடக் கலங்கியது.

"அப்ப நீ குடுத்திருப்ப இல்ல?" என்றார்.

"குடுத்திருப்பேன்."

"அப்புறம் இன்னா பாப்பா? நீ குடுத்த மாரியே நெனச்சிக்கோ" என்றார்.

சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். நன்றாகச் சாப்பிட்டார். பிறகு ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ரசச் சட்டி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.